மகளை மக்களாக்கிய விசை: மெக்கானிக்கல் கீபோர்டைப் பிரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சில மாதங்களில் என் மேசைக்கு வந்த மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை பழுதாகி வந்தவை அல்ல, பழுதுபார்க்கப்பட்டு வந்தவை. ஒரு விசை சரியில்லை என்று வீட்டிலேயே பிரித்து, அதன் அடியிலுள்ள சுவிட்சை நெம்பி எடுத்து, புதியதைப் பொருத்தி, முடிவில் ஒன்றுக்குப் பதிலாக நான்கைந்து விசைகள் செத்துப்போன நிலையில், "அண்ணே, சுவிட்ச் புதுசுதான், ஆனா எழுத்து வரல" என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை. அதே காரியத்தை, அதே வரிசையில், அதே தன்னம்பிக்கையோடு நானும் செய்திருக்கிறேன். கேபிளைப் பிடுங்காமல் திருப்புளியை எடுப்பது, கழற்றிய திருகுகளைத் தொலைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சுவிட்சுதான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட்டுத் தொடங்குவது

கீபோர்டின் உள்ளே ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி ஓடுவதில்லை. விசைகள் எல்லாம் வரிசை, நெடுவரிசை என்று ஒரு கட்டத்துக்குள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சுவிட்சின் ஒரு கால் நெடுவரிசைத் தடத்தோடும், மற்றொரு கால் பெரும்பாலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு சிறு டயோடு வழியாக வரிசைத் தடத்தோடும் இணைகிறது. கட்டுப்பாட்டுச் சில்லு இந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்ப வருடி, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று பார்த்து எழுத்தை அனுப்புகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். ஒரே ஒரு விசை மட்டும் வரவில்லை என்றால் சுவிட்சையோ அதன் டயோடையோ சந்தேகிக்கலாம். ஒரே கோட்டில் உள்ள பல விசைகள் சேர்ந்து வரவில்லை என்றால் தடம் அறுந்திருக்கிறது, அல்லது சில்லின் கால் விட்டுப்போயிருக்கிறது. எந்த விசையுமே வரவில்லை என்றால் முதலில் கேபிளையும், அது நுழையும் துளையையும் பாருங்கள். கேபிளை ஆட்டும்போது விட்டுவிட்டு வேலை செய்தால் சுவிட்சுகளுக்கும் பழுதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒற்றை விசை வராதபோது செய்ய வேண்டிய சோதனை எளிது. கீபோர்டைக் கணினியோடு இணைத்த நிலையில், சர்க்யூட் பலகையின் பின்பக்கத்தில் அந்தச் சுவிட்சின் இரண்டு கால்களையும் ஒரு சாமணத்தால் இணைத்துத் தொட வேண்டும். திரையில் எழுத்து வந்தால் பலகை நன்றாக இருக்கிறது, சுவிட்சுதான் கெட்டிருக்கிறது. வரவில்லையென்றால் புதிய சுவிட்ச் போட்டாலும் வராது. இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்யாமல், சுவிட்சின் கால்களைப் பலகையோடு ஒட்டியிருக்கும் ஈயத்தை (சால்டர் பற்றை) உருக்கத் தொடங்குபவர்கள்தான் பெரும்பான்மையினர்.

என் சொந்தக் கீபோர்டில் வந்த பழுது இந்தச் சோதனைக்கும் அகப்படாத வகை. ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகும் கோளாறு அது; சுவிட்சுக்குள் இருக்கும் உலோக இதழ்கள் அழுக்கேறியோ தேய்ந்தோ ஒரே தொடுகையில் படபடத்து இரண்டு தொடுகைகளாகக் காட்டும். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவர் இதை உடனே கண்டுகொள்வார். நானோ தமிழ்99 முறையில் எழுதுபவன். அந்த முறையில் ஒரே மெய்யின் விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். ஆகவே என் ககர விசை படபடத்தபோது "மகள்" என்று தட்டியது "மக்கள்" என்று விழுந்தது. "பாகு" என்பது "பாக்கு" ஆனது. இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி வாய் திறக்கவில்லை, நானும் பல வாரங்கள் என் விரலைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்ணெய்த் தெளிப்பான்

கதவுக் கீலுக்கு அடிக்கும் துருநீக்கித் தெளிப்பானைச் சுவிட்சுக்குள் அடிக்காதீர்கள். அது விட்டுச்செல்லும் பிசுக்கு தூசியைச் சேர்த்துவைக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் கை சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அதுவும் ஆகாது. மின் இணைப்புகளைத் துடைப்பதற்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை, அல்லது 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இரண்டு சொட்டு விட்டு, விசையை ஐம்பது அறுபது முறை அழுத்திவிட்டு, நன்றாக உலரவிட்டுப் பாருங்கள். படபடக்கும் சுவிட்சுகளில் கணிசமானவை இதிலேயே அடங்கிவிடும். நான் இதைச் செய்திருந்தால் அடுத்த பகுதியை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

ஈயம் முழுவதும் இளகுமுன் சுவிட்சை நெம்புவது

இதைப் பற்றி நீளமாகவே சொல்லப் போகிறேன். இந்த ஒரு தவறால் கெட்ட பலகையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது; அந்த எரிச்சலில் ஒரு பங்கு என்மேலேயே வருவது.

சுவிட்சின் கால் பலகையில் ஒரு துளைக்குள் நிற்கிறது. அந்தத் துளை வெறும் ஓட்டை அன்று. அதன் உட்சுவர் முழுவதும் செம்புப் பூச்சு இருக்கிறது, மேலும் கீழும் வளையம்போல் செம்புத் திட்டுகள் இருக்கின்றன. பலகையின் முன்பக்கத் தடத்தையும் பின்பக்கத் தடத்தையும் இணைக்கும் பாலமாகவும் பல இடங்களில் அந்தக் குழாய்தான் வேலை செய்கிறது. பின்பக்கம் தெரியும் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கண்ணுக்குத் தோன்றும். ஆனால் குழாயின் சுவருக்கும் சுவிட்சின் காலுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஈயப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கத் திட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கும். சுவிட்ச், பலகைக்கு மேலிருக்கும் உலோகத் தகட்டில் பொருந்தி உட்கார்ந்திருப்பதால் அந்த முன்பக்கத்தை நாம் பார்க்கவே முடியாது. இந்த நிலையில் திருப்புளியைக் கொடுத்து நெம்பினால், சுவிட்ச் வெளியே வரும்போது அந்தச் செம்புக் குழாயையும் கழற்றிக்கொண்டு வரும்.

எனக்கு நடந்தது அதுவே. 87 விசைகள் கொண்ட பலகை. மாற்ற வேண்டியது ககரத்தின் சுவிட்ச் ஒன்று மட்டும். ஒரு கால் தாராளமாக அசைந்தது. மற்றொன்று அசையவில்லை என்பதைப் பார்த்தும், "ஒரு பக்கம் விட்டுவிட்டதே, மறுபக்கமும் வந்துவிடும்" என்று நெம்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். சுவிட்ச் கையில் வந்தது. அதன் காலைச் சுற்றி மோதிரம் அணிவித்ததுபோல் ஒரு செம்பு வளையமும் வந்தது. அப்போது அது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை, அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். புதிய சுவிட்சைப் போட்டு இணைத்ததும் ககரமும் வரவில்லை, அந்த வழியாகவே தடம் ஓடிய லகரமும் வரவில்லை. கல்வி, கலை, கல்யாணம் எதையுமே எழுத முடியாத கீபோர்டு ஒன்று கிடைத்தது.

அதற்கு மேல் நான் செய்ததுதான் உண்மையான நட்டம். அறுந்த முன்பக்கத் தடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன். உலோகத் தகட்டையும் பலகையையும் பிணைத்துவைத்திருப்பவை சுவிட்சுகளின் கால்களே என்பதால், தகட்டைப் பிரிக்க 87 சுவிட்சுகளின் 174 ஈயப்பற்றுகளையும் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து எடுத்தேன். அவசரத்தில் மேலும் மூன்று துளைகளைக் கிழித்தேன். ஒரு சுவிட்சுக்காகத் தொடங்கிய வேலை, நான்கு இடங்களில் கம்பி இழுத்த பலகையாக முடிந்தது. இத்தனைக்கும் தகட்டைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது: அதே நெடுவரிசையில் உள்ள அடுத்த சுவிட்சின் காலிலிருந்து ககரச் சுவிட்சின் காலுக்குப் பின்பக்கமாகவே உறையிட்ட மெல்லிய கம்பி ஒன்றை இழுத்து, லகரத்துக்குப் போகும் காலோடும் சேர்த்திருந்தால், கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். எந்தக் கால் எந்தக் காலோடு சேர வேண்டும் என்பதை மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, நன்றாக வேலை செய்யும் பக்கத்து நெடுவரிசையில் தொட்டுத் தொட்டே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இன்று தொழிற்சாலைகளில் பயன்படும் காரீயம் இல்லாத பற்று ஏறத்தாழ 217 டிகிரி செல்சியசில்தான் உருகத் தொடங்குகிறது. நம்மில் பலர் வைத்திருக்கும் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே பழைய பற்றை உறிஞ்சுவதற்கு முன் அதன்மேல் கொஞ்சம் புதிய காரீயப் பற்றை உருக்கிச் சேர்க்கிறேன். எடுக்க வேண்டிய இடத்தில் மேலும் சேர்ப்பதா என்று புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இரண்டும் கலந்ததும் பற்று தாழ்ந்த சூட்டிலேயே இளகும், புதிய பற்றோடு வரும் ஃபிளக்ஸ் என்ற இளக்கி அதை நன்றாக ஓடவைக்கும், துளையின் அடிவரை வெப்பம் போய்ச்சேரும். பற்றவைக்கும் இரும்பின் நுனியை 330 முதல் 350 டிகிரிக்குள் வைத்து, காலையும் திட்டையும் ஒருசேரத் தொட்டு, இரண்டு மூன்று நொடிகளில் முழுவதும் பளபளவென்று இளகியதும் உறிஞ்சும் பம்பை அழுத்துகிறேன்.

பிறகு செய்ய வேண்டியதை ஒருபோதும் விடுவதில்லை: சாமணத்தால் அந்தக் காலை மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். துளைக்குள் நாலாபுறமும் அது தடையின்றி ஆட வேண்டும். ஒட்டியிருந்தால் மீண்டும் உறிஞ்ச முயலாதீர்கள். எஞ்சியிருக்கும் துளியளவு ஈயத்துக்கு வெப்பம் ஏறாது. துளையை மறுபடி புதிய பற்றால் நிரப்பி, முதலிலிருந்து தொடங்குங்கள். இரண்டு கால்களும் ஆடிய பிறகே தகட்டின் மேலுள்ள கொக்கிகளை அழுத்திச் சுவிட்சை எடுக்க வேண்டும். அப்போது அது பழுத்த பழம்போல் தானாக வரும். பலம் கொடுக்க வேண்டியிருந்தால் எங்கோ ஈயம் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

வெப்பத்தைக் கூட்டினால் வேலை விரைவாகும் என்ற எண்ணமும் இதே குற்றத்தின் பங்காளி. செம்புத் திட்டு கண்ணாடியிழைப் பலகையோடு பிசினால் ஒட்டப்பட்டது. சாதாரணப் பலகைகளின் பிசின் 130, 140 டிகிரியை ஒட்டியே தன் இறுக்கத்தை இழக்கத் தொடங்குகிறது. எனவே பற்றை உருக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிடிப்பைச் சிறிது தளர்த்தியே தீர்கிறோம். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத இரும்பைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் திட்டு நெம்பாமலேயே உரிந்துவரும். சென்னை ரிச்சி தெருவில் நூறு இருநூறு ரூபாய்க்கு வாங்கும் இரும்பில் வானொலிப் பெட்டியின் கம்பிகளை ஒட்டலாம், கீபோர்டுப் பலகையில் அதைக் காட்டாதீர்கள்.

விளக்கை மறப்பது

சுவிட்சுக்குள் ஒற்றை நிற எல்.இ.டி. இருந்தால் அதன் இரண்டு கால்களும் சுவிட்சின் உடல் வழியாகப் பலகைக்குப் போகின்றன. எடுக்க வேண்டிய பற்றுகள் இரண்டல்ல, நான்கு.

தகட்டில் இருக்கும்போதே சுவிட்சைத் திறக்க முயல்வது

பரவலாகக் காணப்படும் செர்ரி எம்எக்ஸ் வகைச் சுவிட்சின் மூடியைத் திறக்கும் கொக்கிகள் பெரும்பாலான தகடுகளின் சதுரத் துளைக்குள் சிக்கியிருக்கும். பக்கவாட்டில் வெட்டு உள்ள தகடாக இருந்தால் திறக்கலாம். இல்லையென்றால் முடியாது; கொக்கிதான் முறியும்.

ஹாட்ஸ்வாப் பலகையில் தவறு நேராது என்ற நம்பிக்கை

ஈயமே தேவையில்லை, பிடுங்கிச் செருகினால் போதும் என்பதால் புதியவர்கள் இவ்வகைப் பலகைகளை விரும்பி வாங்குகிறார்கள், வாங்கட்டும். ஆனால் சுவிட்சின் கால்களை ஏந்தும் சாக்கெட் பலகையின் பின்பக்கத்தில், மேற்பரப்புத் திட்டுகளின்மேல் மட்டுமே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கால் சற்று வளைந்திருக்கும் சுவிட்சை முன்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினால், வளைந்த கால் சாக்கெட்டின் விளிம்பில் முட்டி, அதைத் திட்டோடு சேர்த்துப் பின்னால் தள்ளிவிடும். செருகுமுன் இரண்டு கால்களும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்து, பெட்டியைத் திறக்க முடியுமானால் பின்பக்கம் ஒரு விரலால் சாக்கெட்டைத் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள்.

தேநீர் கொட்டியதை வெயிலில் காயவைப்பது

தண்ணீர் காய்ந்துபோகும், சர்க்கரையும் பாலும் காயாது. அவை சுவிட்சுக்குள் பாகாக இறுகி, மேலே வர மறுக்கும் விசைகளைத் தரும். பலகையின்மேல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு செம்பைப் பச்சை பூக்கச் செய்யும். இனிப்பான எதுவும் கொட்டினால் உடனே கேபிளைப் பிடுங்கி, கீகேப்புகளை (விசைகளின் மேல்மூடிகளை) கழற்றி, பலகையைக் காய்ச்சி வடித்த நீரால் அலசி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அலசி, ஓரிரு நாள் நிழலில் காற்றாட வைப்பதே முறை. மொட்டை மாடியின் மே மாத வெயிலும் கொதிநீரும் மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப்புகளைக் கோணவைக்கலாம்; நீளமான இடைவெளி விசைதான் முதலில் வளையும், அதற்கு மாற்று கிடைப்பதும் கடினம்.

டயோடு

டயோடைக் கழற்றுமுன் அதன்மேலுள்ள கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று படம் எடுத்துவையுங்கள்.

பெட்டியைத் திருகி மூடிவிட்டுச் சோதிப்பது

மேல்மூடியைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்று அடிப்பக்க ஒட்டுத்தாளுக்கு அடியிலும், சில ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும்; மூடியின் விளிம்பில் பிளாஸ்டிக் கொக்கிகளும் இருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கொக்கிகளின் ஆயுள் குறைகிறது. ஆகவே பலகையை வெறுமனே ஒரு மரமேசையின்மேல் வைத்து, கேபிளை இணைத்து, எல்லா விசைகளையும் ஒன்று விடாமல் தட்டிப் பாருங்கள். மாற்றிய சுவிட்சை மட்டும் மெதுவாக, வேகமாக, ஓரத்தில் அழுத்தி, நடுவில் அழுத்தி என்று வெவ்வேறு விதமாக நூறு முறையாவது தட்ட வேண்டும், படபடப்பு எப்போதாவதுதான் தலைகாட்டும். நான் அன்று கம்பி இழுத்த அந்தப் பலகையை மூடிய பிறகு இரண்டு முறை திறக்க நேர்ந்தது. மூன்றாவது முறை இடப்பக்கக் கொக்கி ஒடிந்துவிட்டது. இப்போது அந்த மூலையை ஒரு துண்டு மின்நாடாதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.