பிரிண்ட் படத்துக்கு எந்தக் கண்ணாடி? கடைக்குப் போகும் முன் படிக்க

ஃபிரேம் கடையில் தேக்கு நிறமா, கறுப்பா, தங்க ஓரமா என்று சட்டத்துக்காக அரை மணி நேரம் செலவழிக்கிறவர்கள், கண்ணாடி என்று வந்ததும் "சாதா போதும்" என்று சொல்லிவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். படம் எத்தனை வருடம் நிறம் மாறாமல் இருக்கும், சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் படம் தெரியுமா அல்லது ஜன்னல் தெரியுமா என்பதெல்லாம் கண்ணாடியைப் பொறுத்த விஷயம். அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்.

1. உங்கள் படம் எப்படிப்பட்டது?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கெட்டுப்போனால் இன்னொன்று கிடைக்குமா? ஆன்லைனில் வாங்கிய போஸ்டர், சிவகாசி காலண்டரிலிருந்து வெட்டி எடுத்த சாமி படம் என்றால் கிடைக்கும். ஓவியர் கையெழுத்துப் போட்டு எண் குறித்துக் கொடுத்த ஸ்கிரீன் பிரிண்ட், தாத்தா காலத்து ரவிவர்மா அச்சகப் படம் (அந்த அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இன்றும் அதன் படங்களைப் பார்க்கலாம்) இதெல்லாம் திரும்பக் கிடைக்காது. நல்ல கண்ணாடிக்கான பணத்தை இந்த இரண்டாவது வகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் சாய மையால் எடுத்த பிரிண்ட் சீக்கிரம் வெளுக்கும், நிறமி மையால் அச்சிட்டது கூடுதலாகத் தாங்கும். எந்த மை என்று விற்றவரிடமே கேட்டுவிடுங்கள்.

2. சுவரைப் பாருங்கள்

திரையை அணைத்த டேப்லெட்டையோ போனையோ படம் மாட்டப்போகும் உயரத்தில் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். கறுப்புத் திரையில் ஜன்னலோ டியூப்லைட்டோ தெரிந்தால், கண்ணாடியிலும் அதேதான் தெரியும். பகலில் ஒரு முறை, இரவில் விளக்கு போட்டு ஒரு முறை பாருங்கள். பல வீடுகளில் படத்தை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து பக்கத்துச் சுவருக்கு மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடும், செலவும் இல்லை. நேர் வெயில் விழும் சுவர் என்றால் வேறு சுவர் தேடுங்கள், எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியும் அங்கே படத்தைக் காப்பாற்றாது.

3. இப்போது கண்ணாடி

சாதாக் கண்ணாடி, 2 மி.மீ. கனம். லேசான பச்சைச் சாயல் இருக்கும், அடியில் வெள்ளைத்தாள் வைத்தால் தெரியும். விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், புற ஊதாக் கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடும். போஸ்டருக்கு, வெயில் படாத சுவருக்கு இதுவே போதும், இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

மேட் கண்ணாடி எனக்குப் பிடிக்காது. அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள், பிரதிபலிப்பு கலைந்துபோகும், ஆனால் படமும் கலங்கலாகத் தெரியும். கண்ணாடி படத்தைவிட்டு விலக விலக அந்தக் கலங்கல் கூடும். மெல்லிய கோடுகள் உள்ள படத்துக்கு இதை வாங்கவே வாங்காதீர்கள்.

பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடி வேறு. இதில் நல்ல ரகம் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பிரதிபலிக்கும், கண்ணாடி போட்டிருப்பதே தெரியாது. சில கடைகளில் மேட், பூச்சு இரண்டையுமே "ஆன்டி கிளேர்" என்று சொல்வதுண்டு, அங்கேதான் கவனம் தேவை. ஒரு துண்டை வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். விளக்கு வெள்ளையாகப் பரவித் தெரிந்தால் மேட். விளக்கின் வடிவம் கலையாமல், மங்கலாக, ஊதாவோ பச்சையோ கலந்து தெரிந்தால் பூச்சு.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, உறையிலோ லேபிளிலோ எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். நல்லவை 99 சதவீதம் வரை தடுக்கும். பூச்சு ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கம் படத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்புறம், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தை வெளுக்கச் செய்யும், இந்தக் கண்ணாடி வெளுப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

பெரிய படம், குழந்தைகள் ஓடும் அறை, பார்சலில் வெளியூர் போக வேண்டிய படம் என்றால் அக்ரிலிக் (கண்ணாடி மாதிரியே தெளிவான பிளாஸ்டிக் தகடு). 24க்கு 36 அங்குலப் படத்துக்கு 2 மி.மீ. கண்ணாடியே ஏறக்குறைய 2.8 கிலோ வரும், 3 மி.மீ. அக்ரிலிக் 2 கிலோதான், கீழே விழுந்தாலும் சில்லு சில்லாகச் சிதறாது. இந்த அளவுக்கு 2 மி.மீ. அக்ரிலிக் வேண்டாம், வளையும். எந்தக் கனமானாலும் அக்ரிலிக்கில் சீக்கிரம் கீறல் விழும். நிலை மின்சாரத்தால் தூசியை இழுக்கும், அதனால் கரி, பேஸ்டல் ஓவியங்களுக்கு ஆகவே ஆகாது, பொடி மேலே ஒட்டிக்கொள்ளும்.

4. இடைவெளி

எந்தக் கண்ணாடி வாங்கினாலும் அது படத்தைத் தொடக்கூடாது. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்களில் ஈரம் அதிகம். கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிந்தால் தொட்டுக்கொண்டிருக்கும் காகிதத்தில் கறையும் பூஞ்சையும் வரும், போட்டோ பிரிண்ட் என்றால் கண்ணாடியோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். (ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய படத்தை நீங்களாக இழுக்காதீர்கள், காகித ஓவியங்களைச் சீர்செய்யத் தெரிந்தவரிடம் கண்ணாடியோடு கொண்டுபோங்கள்.) படத்தைச் சுற்றி அமிலமில்லாத மவுண்ட் போர்டு (நடுவில் படம் தெரிய வெட்டிய கெட்டி அட்டை) வைக்கச் சொல்லுங்கள், அதன் கனமே இடைவெளியாகிவிடும். மவுண்ட் வேண்டாம் என்றால் சட்டத்துக்குள் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரமாக ஸ்பேசர் பட்டை வைக்கலாம். கல்லும் தங்க வேலையும் மேடாக இருக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கு இது போதாது, ஆழமான பெட்டிச் சட்டம் வேண்டும்.

5. மாட்டிய பிறகு

துடைக்கும் திரவத்தைக் கண்ணாடி மேல் நேராக அடிக்காதீர்கள், ஓரமாக வழிந்து மவுண்டுக்குள் போய்விடும். துணியில் அடித்துத் துடையுங்கள். அக்ரிலிக்குக்கும் பூச்சுள்ள கண்ணாடிக்கும் அமோனியா கலந்த திரவம் கூடாது, மென்மையான மைக்ரோஃபைபர் துணி மட்டும். அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள், தூசியே கீறிவிடும்.