கத்தரிப் பூவிலும் தக்காளித் தோலிலும் மரபணுக் குடும்பங்களைப் பார்ப்பது எப்படி?

மரபணுக் குடும்பம், அதாவது வரிசையில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் உறவுக்கார மரபணுக்களின் கூட்டம், என்றதும் ஆய்வகம் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடுகிறோம். பூக்கும் கத்தரிச் செடி ஒன்று, கொஞ்சம் தக்காளி, ஒரு பிளேடு, ஒரு கைலென்ஸ், கடைசிப் படிக்கு ஒரு கணினி இருந்தால் ஆரம்பித்துவிடலாம். இரண்டு குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பூவின் உறுப்புகளைத் தீர்மானிக்கும் மேட்ஸ் பாக்ஸ், நிறத்தைத் தீர்மானிக்கும் மிப் (MYB). இரண்டும் தருவது சுவிட்ச் மாதிரியான புரதங்களை. அவை டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து, வேறு மரபணுக்களை இயக்கும் அல்லது நிறுத்தும்.

படி 1: கத்தரிப் பூவைப் பிரியுங்கள்

எந்தப் பூவைப் பறிப்பது என்று முதலில் பாருங்கள். கத்தரியில் சூல்தண்டு மகரந்தப்பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூதான் பெரும்பாலும் காயாகும். தண்டு குட்டையாக உள்ளேயே நிற்கும் பூ எப்படியும் உதிர்ந்துவிடும். அதைப் பறித்தால் வீட்டில் திட்டு விழாது.

வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு வட்டமாகக் கழற்றி, வெள்ளைத் தாளில் வரிசையாக வையுங்கள்: பச்சைப் புல்லிகள், ஊதா இதழ்கள், மஞ்சள் மகரந்தத்தாள்கள், நடுவில் சூலகம். மகரந்தப்பையின் நுனியைக் கைலென்ஸில் பாருங்கள். அங்கே சின்னத் துளைகள் தெரியும். மகரந்தம் அந்த வழியாகத்தான் கொட்டும்.

சரி, இந்த நான்கு வட்டங்களையும் யார் பிரித்தது? 1991இல் என்ரிகோ கோயன், எலியட் மேயரோவிட்ஸ் இருவரும் வெளியிட்ட ஏ-பி-சி மாதிரி இதற்குப் பதில் சொல்கிறது. ஏ, பி, சி என்பவை மூன்று மரபணுப் பிரிவுகள். ஏ மட்டும் இயங்கினால் புல்லி. ஏ, பி சேர்ந்தால் இதழ். பி, சி சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் என்றால் சூலகம். பி கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். இதழ் இருக்க வேண்டிய இடத்தில் புல்லி வரும், மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சூலகம் வரும். தக்காளியில் இப்படிப்பட்ட பிறழ்வுச் செடிகள் நிஜமாகவே உண்டு. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் கண்டறிந்த ஏ-பி-சி மரபணுக்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் மேட்ஸ் பாக்ஸ் குடும்பம். ஏ பிரிவு மட்டும் எல்லாச் செடிக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

படி 2: தக்காளிக் காம்பைத் தடவுங்கள்

செடியில் இருக்கும் காயின் காம்பை விரலால் தடவினால் நடுவில் ஒரு கணு தட்டுப்படும். காய் ஒடிவது அந்த இடத்தில்தான். அந்தக் கணு உருவாக ஜாயின்ட்லெஸ் என்ற மேட்ஸ் பாக்ஸ் மரபணு வேலை செய்ய வேண்டும். அது பழுதானால் கணுவே இருக்காது. இழுத்தால் காய் மட்டும் கையோடு வரும், காம்பு செடியிலேயே நின்றுவிடும். இயந்திர அறுவடைக்கு இது பெரிய வசதி. அதற்காகப் பயிர் வளர்ப்பாளர்கள் அதிகம் பயன்படுத்தியது கலாபகோஸ் தீவுகளின் காட்டுத் தக்காளியிலிருந்து வந்த ஜாயின்ட்லெஸ்-2. அதுவும் இதே குடும்பம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தக்காளியில் வரும் ரின் (rin) என்ற பிறழ்வு. இந்தப் பிறழ்வில் டி.என்.ஏ.வின் ஒரு துண்டு காணாமல் போய், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மேட்ஸ் பாக்ஸ் மரபணுக்கள் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகின்றன. ஒன்று பழுப்பதை நடத்துவது (அந்த மரபணுவின் பெயரும் ரின்தான்), அதனால் காய் சிவக்காது. மற்றது புல்லியின் அளவைக் கட்டுப்படுத்துவது, அதனால் புல்லி நீளமாக வளர்ந்துவிடும். பூவுக்கும் பழ நிறத்துக்கும் ஒரே குடும்பம் பொறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2002இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து மட்டும் ரின் வந்த வீரிய ஒட்டு ரகங்கள் மெதுவாகப் பழுத்து, நாள்பட்டுக் கெடாமல் இருக்கும்.

படி 3: தோலை உரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள்

தக்காளியைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, தோலை உரியுங்கள். உள்பக்கச் சதையைக் கரண்டியால் சுரண்டிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான ரகங்களில் தோல் மஞ்சளாக இருக்கும். இளஞ்சிவப்புத் தக்காளி கிடைத்தால் அதையும் உரியுங்கள்: கண்ணாடி மாதிரி நிறமே இருக்காது. சதையின் சிவப்பு இரண்டிலும் லைகோபீன் என்ற நிறமிதான். வித்தியாசம் தோலில் நாரின்ஜெனின் சால்கோன் என்ற மஞ்சள் நிறமி சேர்வதில் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொல்வது மிப்12 மரபணு.

படி 4: கத்தரியின் தொப்பியைத் தூக்குங்கள்

ஊதாக் கத்தரிக்காயின் பச்சைத் தொப்பியைப் பிளேடால் மெல்ல நெம்புங்கள். அடியில் வெள்ளையாக இருந்தால் அந்த ரகத்துக்கு நிறம் ஏற வெளிச்சம் தேவை. அங்கேயும் ஊதா இருந்தால் தேவையில்லை. உறுதிப்படுத்த ஆசையா? இளம் பிஞ்சு ஒன்றை ஒளி புகாத காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். வெளிச்சம் தேவைப்படும் ரகம் உள்ளே வெளுப்பாகவே வளரும். பையை எடுத்துவிட்டால் சில நாட்களில் ஊதா ஏற ஆரம்பிக்கும். வெளிச்சம் பட்டதும் மிப் புரதம் உருவாகி, இன்னும் இரண்டு வகைப் புரதங்களோடு கைகோத்து, ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமியைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை இயக்குவதுதான் காரணம். கூட்டாளிகள் பி.ஹெச்.எல்.ஹெச்., டபிள்யூ.டி.40 ஆகியவை.

படி 5: கணினியில் தேடுங்கள்

சோல் ஜினோமிக்ஸ் நெட்வொர்க் என்ற இணையதளத்தில் ரின் மரபணுவைத் தேடி, அதன் புரத வரிசையை (அமினோ அமிலங்களை எழுத்துகளாக அடுக்கிய வரிசை) நகலெடுங்கள். அதே தளத்தில், வரிசைகளை ஒப்பிட்டு ஒத்தவற்றைத் தேடித்தரும் பிளாஸ்ட் (BLAST) பக்கத்தில் ஒட்டி, தக்காளிப் புரதங்களுக்கு எதிராகத் தேடுங்கள். 2012இல் தக்காளியின் மரபணுத்தொகை வெளியானதிலிருந்து இதெல்லாம் இலவசம்.

வரும் பட்டியலில் மதிப்பெண்ணைவிட, எந்தப் பகுதி பொருந்துகிறது என்று பாருங்கள். மேலே இருப்பவை ஏறக்குறைய முழு நீளமும் பொருந்தும். கீழே போகப்போக, தொடக்கத்தில் உள்ள சுமார் 60 அமினோ அமிலங்கள்தான் நன்றாக ஒத்துப்போகும். அதுதான் மேட்ஸ் பகுதி, குடும்ப அடையாளம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு மரபணுவின் அடையாள எண்ணிலும் சோலிக் (Solyc) என்ற முன்னொட்டுக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் குரோமோசோமைக் குறிக்கும், ரின்னுக்கு 05.

அப்புறம் மிப்12ஐயும் இதேபோல் போட்டுப் பாருங்கள். அதன் அடையாளப் பகுதியில் டபிள்யூ (W) என்ற எழுத்தால் குறிக்கப்படும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம், கிட்டத்தட்ட சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அந்த எழுத்துகளை மட்டும் வட்டமிட்டுக்கொண்டே போனால், அடுத்த முறை ஒரு மிப் புரதத்தை வரிசையைப் பார்த்தே பிடித்துவிடலாம்.