சுவிட்ச்: 'ஆஃப்' என்ற சொல்லை நம்பிச் செய்யும் தவறுகள்

அண்மையில் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், மேசை விளக்கைக் கணினியிலிருந்தே இயக்கும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பெட்டியைத் தாமே செய்து எடுத்துவந்தார். கம்பிகள் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தன. விளக்கும் கட்டளைக்கேற்ப எரிந்து அணைந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு அதே இடத்தில் இருந்ததைக் கண்டேன்: சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஈரக் கையால் தொடாமலிருப்பது, திருகுகளை இறுக்குவது போன்றவற்றை எல்லாக் கையேடுகளும் சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தமிழில் ஆளி, சொடுக்கி என்று பெயர்கள் இருந்தாலும் புழக்கத்தில் இருப்பது சுவிட்ச் என்ற சொல்லே. ஒரு பாதையை இணைப்பது, துண்டிப்பது, அல்லது வேறு பாதைக்குத் திருப்பிவிடுவது என்பதே அதன் பொருள். சுவரில் இருக்கும் சுவிட்ச் மின்னோட்டத்துக்கு அதைச் செய்கிறது. நெட்வொர்க் சுவிட்ச் தரவுக்குச் செய்கிறது. நிரல் மொழியின் சுவிட்ச் கூற்று, நிரல் அடுத்து எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ரிலே சுவிட்சுகளின் இணைப்புகளைக் கொண்டு தருக்கக் கணக்குகளைச் செய்ய முடியும் என்று கிளாட் ஷானன் 1937இல் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். இன்றைய செயலிகளுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களும் அடிப்படையில் சுவிட்சுகளாகவே வேலை செய்கின்றன.

நியூட்ரலில் சுவிட்ச் வைப்பது

பேட்டரியும் சிறு பல்பும் கொண்டு மின்சுற்றைக் கற்கும்போது, சுவிட்சை நேர்முனைப் பக்கம் வைத்தாலும் எதிர்முனைப் பக்கம் வைத்தாலும் பல்பு ஒரே மாதிரி எரிந்து அணைவதைப் பார்க்கிறோம். சுற்றில் எங்கே துண்டித்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் அங்கே மனத்தில் படிந்துவிடுகிறது. பேட்டரிச் சுற்றைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வீட்டு மின்விநியோகத்தில் இரு கம்பிகளும் சமமானவை அல்ல. மின்னழுத்தம் தாங்கி வருவது ஃபேஸ்; மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி நியூட்ரல். பெரும்பாலான அமைப்புகளில் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நாமும் நிலத்தின் மீதுதான் நிற்கிறோம். ஆகவே ஃபேஸ் கம்பிக்கும் நம் உடலுக்கும் இடையே 120 வோல்ட்டோ 230 வோல்ட்டோ எப்போதும் காத்திருக்கிறது. நியூட்ரலில் சுவிட்ச் வைத்தால் விளக்கு அணையும். ஆனால் ஃபேஸ் விளக்குவரை தடையின்றி வந்து நிற்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வலி மிகுந்தது. ஒரு பணிமேசை விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு, திருகு பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சற்றே கழன்ற நிலையில் விரல் அதன் உலோகப் புரியில் பட்டது. சுவிட்ச் நியூட்ரலில் இருந்ததால் நடு முனையில் ஃபேஸ் அப்படியே இருந்தது. அது பல்பின் இழை வழியாகவே புரிக்கும் வந்துவிட்டது. கை உதறி, பல்பு தரையில் விழுந்து நொறுங்கியது. உயிர் பிழைத்தது என் திறமையால் அன்று. அதே அமைப்பில் பன்னிரண்டு சுவிட்ச் பெட்டிகளைச் செய்து மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அத்தனையையும் திரும்பப் பெற்று, ஒவ்வொன்றாகப் பிரித்து, கம்பியை மாற்றி, சோதித்துக் கொடுத்து முடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. எல்லாப் பெட்டிகளும் கைக்கு வந்து சேரும்வரை எனக்குச் சரியான உறக்கம் இல்லை.

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது, இந்தத் தவறு எந்த அறிகுறியையும் காட்டாமல் ஒளிந்துகொள்வதுதான். விளக்கு எரிகிறதா, அணைகிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். மல்டிமீட்டரை எடுப்பவர்களும் பெரும்பாலும் விளக்கின் இரு முனைகளுக்கு இடையேதான் அளக்கிறார்கள். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்த நிலையில் பல்பின் வழியாக இரு முனைகளும் ஃபேஸின் அழுத்தத்தையே அடைந்துவிடுவதால் மீட்டர் பூஜ்யத்தைக் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பிக் கை வைப்பதைவிட ஆபத்தானது வேறில்லை. சுவிட்சை அணைத்த நிலையிலேயே ஒவ்வொரு முனையையும் எர்த்துக்கு எதிராகத் தனித்தனியே அளக்க வேண்டும். ஏதேனும் ஒன்றில் முழு மின்னழுத்தம் தெரிந்தால் சுவிட்ச் தவறான கம்பியில் இருக்கிறது. இதைவிட நல்ல வழி, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, சுவிட்சின் உள்வரும் முனைக்கும் பிளக்கின் ஃபேஸ் முனைக்கும் மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரால் பார்ப்பது.

தலைகீழாகவும் செருகக்கூடிய இருமுனைப் பிளக்கில் எது ஃபேஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். பெட்டியைத் திறக்கும் முன் எப்படியும் பிளக்கை எடுத்துவிடுங்கள்.

ஏசி சுவிட்சை டிசி சுற்றில் பயன்படுத்துவது

தொடுமுனைகள் பிரியும்போது இடையில் மின்பொறி எழுகிறது. மாறுமின்னோட்டம் (ஏசி) நொடிக்கு 100 அல்லது 120 முறை பூஜ்யத்தைக் கடப்பதால் அந்தப் பொறி தானே அணைகிறது. நேர்மின்னோட்டத்துக்கு (டிசி) அத்தகைய இடைவேளை இல்லை; பொறி நீடித்துத் தொடுமுனைகளை உருக்கிவிடலாம். 250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர் என்று அச்சிட்ட பல சிறு ரிலேக்களிலேயே டிசிக்கு 30 வோல்ட் மட்டுமே குறிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

கணினியின் பொத்தானை மெயின் சுவிட்ச் என்று எண்ணுவது

ஏ.டி.எக்ஸ் வகை மேசைக் கணினியின் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. அணையுமாறு மதர்போர்டுக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது, அவ்வளவே. அதன் பிறகும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டில் இருந்துகொண்டே இருக்கும். உடைந்த வட்டத்துக்குள் ஒரு கோடு இறங்கும் அந்தக் குறியீட்டின் பொருளும் காத்திருப்பு நிலை என்பதே. மெமரியைக் கழற்றும் முன் கம்பியைப் பிடுங்குங்கள்.

ஓர் அழுத்தத்தை ஓர் அழுத்தமாகவே எண்ணுவது

பொத்தானின் தொடுமுனைகள் சேரும்போது சில மில்லிநொடிகள் துள்ளும். பொத்தானைப் படிக்கும் மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கட்டுப்பாட்டுச் சில்லு) ஒவ்வொரு துள்ளலையும் ஓர் அழுத்தமாக எண்ணிவிடும். முதல் மாற்றத்துக்குப் பின் 20 முதல் 50 மில்லிநொடி காத்திருந்து பொத்தானின் நிலையை மீண்டும் படியுங்கள்.

புல்-அப் மின்தடையை மறப்பது

திறந்த சுவிட்ச் மைக்ரோகண்ட்ரோலருக்குப் பூஜ்யத்தைத் தராது, எதையும் தராது. அப்போது உள்ளீட்டை ஒரு நிலையான மின்னழுத்தத்தில் இருத்தி வைப்பதே புல்-அப் மின்தடையின் வேலை.

ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் செருகுவது

தரவு அந்த வளையத்திலேயே சுற்றிச் சுற்றிப் பெருகும். வளையத் தடுப்பு இல்லாத சுவிட்சாக இருந்தால் முழு நெட்வொர்க்கும் நின்றுவிடும்.

பிரேக் கூற்றின் இடத்தைச் சரிபார்க்காமல் விடுவது

சி மொழியின் சுவிட்ச் கூற்றில் ஒவ்வொரு வழியும் ஒரு கேஸ்; கூற்றைவிட்டு வெளியேறச் சொல்வது பிரேக். அந்தப் பிரேக் விடுபட்டால், நிரல் அடுத்த கேஸுக்குள் நழுவி ஓடும். இது தொடக்கநிலைத் தவறு என்று பலர் அலட்சியம் செய்கிறார்கள். அந்த அலட்சியத்தை நான் ஏற்பதில்லை. 1990 ஜனவரி 15 அன்று ஏ.டி. அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ 9 மணி நேரம் முடங்கியது. அழைப்புகளைத் திருப்பிவிடும் 114 சுவிட்சுகளின் மென்பொருளில், ஒரு சுவிட்ச் கூற்றுக்குள் இருந்த இஃப் (நிபந்தனை) பகுதியில் பிரேக் தவறான இடத்தில் அமைந்திருந்தது. இஃப் பகுதியைவிட்டு மட்டும் வெளியேறும் என்று எண்ணி எழுதப்பட்ட பிரேக், சுவிட்ச் கூற்றைவிட்டே வெளியேறியது. ஒரு தொலைபேசிச் சுவிட்ச் விழுந்து எழும்போது அனுப்பிய செய்திகள் அண்டைச் சுவிட்சுகளை விழச்செய்ய, அவை எழும்போது அனுப்பியவை மற்றவற்றை விழச்செய்தன.