தங்கம் வாங்கும் பழக்கத்தோடு டைட்டானியம் மோதிரம் வாங்காதீர்கள்

என் மைத்துனன் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். நிச்சயதார்த்தத்துக்கு டைட்டானியம் மோதிரம்தான் வேண்டும் என்று ஆன்லைனில் வாங்கினான். 8 மில்லிமீட்டர் அகலம், சாம்பல் நிறம், பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் விரல் மூட்டைத் தாண்டவில்லை. "பத்தர்கிட்ட கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல பெருசு பண்ணிடுவார்" என்று அத்தை சொல்ல, எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையாக நகை செய்யும் பத்தரிடம் போனோம். அவர் மோதிரத்தைக் கூம்புக் கம்பியில் செருகி மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தங்கமாக இருந்தால் நாலு தட்டில் கொஞ்சம் இளகிக் கொடுத்திருக்கும். இது அசையவே இல்லை. "தம்பி, இதை நான் வெட்டினா மறுபடி ஒட்டிக் கொடுக்க என்னால ஆகாது" என்று மேசை மேல் வைத்துவிட்டார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. தங்க மோதிரத்தை அறுத்து, ஒரு துண்டு சேர்த்தோ எடுத்தோ, பொடி வைத்து ஊதி ஒட்டிவிடலாம். டைட்டானியம் அதற்கு ஒத்துவராது. சூடேறியதும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆர்கான் வாயு சூழ வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். அந்த வசதி நகைப் பட்டறைகளில் பொதுவாக இருக்காது. உள்பக்கத்தை லேத்தில் கொஞ்சம் கடைந்து அளவு எண்ணில் அரை எண் பெரிதாக்க முடியும், மோதிரம் தடிமனாக இருந்தால். சிறிதாக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் டைட்டானியத்தில் முதல் தவறும் பெரிய தவறும் அளவில்தான் நடக்கிறது. தங்கத்தில் "அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று விட்டுவிடுகிற பழக்கம் இங்கே செல்லாது.

மைத்துனன் அளவு எடுத்தது நூலால். நூல் சதையில் அழுந்தும், இழுத்தால் நீளும், மூட்டின் பருமனைக் கணக்கில் எடுக்காது. நகைக்கடையில் வளையக் கொத்து வைத்திருப்பார்கள். அதில்தான் பார்க்க வேண்டும். பார்க்கிற நேரமும் முக்கியம். விடிகாலைக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும், வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் வீங்கியிருக்கும். சாயங்காலம், உடம்பு சாதாரணச் சூட்டில் இருக்கும்போது ஒரு முறை, வேறொரு நாள் இன்னொரு முறை என்று பாருங்கள். கடைக்காரர் காட்டும் வளையங்கள் பெரும்பாலும் மெல்லியவை. ஆண்கள் விரும்பி வாங்குவதோ 6, 8 மில்லிமீட்டர் பட்டை. பட்டை அகலமானால் அதிகச் சதையை அழுத்தும், அதே எண்ணே இறுக்கமாகத் தெரியும். அகலப் பட்டைக்கு அரை எண் கூட எடுப்பது நல்லது. இன்னொன்று, நம் கடைகளில் சொல்லும் எண்ணும் வெளிநாட்டுத் தளங்களில் கேட்கும் எண்ணும் ஒன்றல்ல. இங்கே 22 என்றால் அமெரிக்க அளவில் ஏறக்குறைய 10. எண்ணை விட்டுவிட்டு, உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

அடுத்து எடை. கையில் வாங்கியதும் "என்னடா, பிளாஸ்டிக் மாதிரி இருக்கு" என்று முகம் சுளிப்பவர்கள் நிறையப் பேர். கனமாக இருந்தால்தான் அசல் என்பது தங்கம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம். 22 காரட் தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 17 கிராமுக்கு மேல் இருக்கும், டைட்டானியம் 4.5 கிராம்தான். ஒரு பவுன் மோதிரத்தை அச்சு மாறாமல் டைட்டானியத்தில் செய்தால் சுமார் 2 கிராம் வரும். அந்த லேசுதான் அதன் சிறப்பே. மோதிரம் போட்டுப் பழக்கமில்லாத ஆண்களுக்கு அது பெரிய வசதி. கனமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஏனென்றால் 'டைட்டானியம் ஸ்டீல்' என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெயரில் இருக்கும் டைட்டானியம் பொருளில் இருக்காது. கெட்ட உலோகம் என்று சொல்லவில்லை. விலைக்கும் பெயருக்கும் பொருந்தாது, அவ்வளவுதான். அதில் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் டைட்டானியத்தைத் தேடிப் போவதே அதைத் தவிர்க்கத்தான். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அதனால் அசல் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். இந்த ஸ்டீலும் காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. ஹால்மார்க் முத்திரையையும் தேடாதீர்கள். அது நம் நாட்டில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள ஏற்பாடு.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் மோதிரத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மோதிரத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 8 மில்லிமீட்டர் மோதிரம் ஒன்று 4.65 கிராம், தண்ணீரில் 1.05 காட்டுகிறது என்றால் விடை 4.43. அது டைட்டானியம். 8ஐ ஒட்டி வந்தால் ஸ்டீல். மரமோ கல்லோ பதித்த மோதிரத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது.

வாங்கும்போது எந்த கிரேடு என்று கேளுங்கள். கிரேடு 2 என்பது கலப்பில்லாத டைட்டானியம், கொஞ்சம் மென்மை. கிரேடு 5 என்பது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவை. விமான பாகங்களில் பயன்படுவது இதுதான், உறுதியும் அதிகம். இரண்டிலும் நிக்கல் சேர்ப்பதில்லை. விற்பவருக்குக் கிரேடு தெரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். 'அபூர்வ உலோகம்' என்று சொல்லி விலை ஏற்றினாலும் ஏமாற வேண்டாம். பூமியின் மேலோட்டில் அதிகம் கிடைக்கும் தனிமங்களில் டைட்டானியம் ஒன்பதாவது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரைக் கருமணலைக் கையில் அள்ளினால் அதில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான். செலவு பிடிப்பது தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதிலும் அதைக் கடைவதிலும்.

கீறல் விழாது என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். துருப்பிடிக்காது, வியர்வைக்கும் கடல் தண்ணீருக்கும் அசையாது; ஆனால் கீறல் விழும். கண்ணாடி மாதிரி பளபளப்பாக வாங்கினால் ஒரு மாதத்தில் பைக் ஹேண்டில்பாரும் மாடிப்படிக் கம்பியும் கோடு போட்டுவிடும். மங்கலாகத் தேய்த்த பரப்பில் கோடுகள் தெரியாமல் கலந்துபோகும். தினமும் போடுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நிறத்தில் இன்னும் ஏமாற்றம் உண்டு. நீலம், ஊதா, பச்சை என்று மின்னுவது பெயிண்ட் அல்ல. மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்க்கிறார்கள். படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி பிரிந்து நிறம் தெரிகிறது. சுமார் 30 வோல்ட்டில் நீலம், 100 வோல்ட் பக்கம் போனால் பச்சை. பார்க்க அற்புதம்தான், ஆனால் படலம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. விளிம்பில் சீக்கிரம் தேய்ந்துவிடும். நிறம் வேண்டும் என்றால் உரசாத உள்பக்கத்திலோ நடுப் பள்ளத்திலோ இருக்கிற மாதிரி பாருங்கள். கறுப்பு மோதிரம் பெரும்பாலும் மேற்பூச்சு. அது தேய்ந்தால் அடியில் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும்.

"விரல் வீங்கினால் வெட்டவே முடியாது, விரலைத்தான் எடுக்கணும்" என்றொரு பயம் உலவுகிறது. அது பொய். தங்கத்துக்கு வைத்திருக்கும் கைவெட்டியில் சிரமப்படலாம். வைரத்தூள் பூசிய சக்கரம் பொருத்திய வெட்டியில் அறுத்துவிடலாம். சூடாகாமல் இடையிடையே தண்ணீர் விட வேண்டும். விரலில் சிக்கிய மோதிரத்தோடு நம் ஊர்த் தீயணைப்பு நிலையங்களுக்குப் போய் வெட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வீக்கம் தொடங்கியதுமே, நேரம் கடத்தாமல் கழற்றப் பாருங்கள்.

இதைவிட உண்மையான ஆபத்து வேறு. லேத், டிரில்லிங் மெஷின், ஏணி, லாரிப் பின்கதவு இவற்றோடு வேலை செய்பவர்கள் எந்த உலோக மோதிரத்தையும் வேலை நேரத்தில் போடவே கூடாது. மோதிரம் எங்காவது மாட்டி உடம்பின் எடை முழுவதும் அந்த விரலில் இறங்கினால் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். டைட்டானியம் வளைந்தும் கொடுக்காது. பேட்டரி, வயரிங் வேலையிலும் அப்படித்தான். தாமிரம் அளவுக்கு இல்லாவிட்டாலும் இதுவும் மின்சாரம் கடத்தும். என் மைத்துனன் பட்டறைக்குள் நுழையும் முன் கழற்றி டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்து ஜிப் போடுகிறான். ரப்பர் மாதிரியான சிலிக்கோன் மோதிரம் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

மரம், கார்பன் ஃபைபர் பதித்தவை தண்ணீர்ப் புழக்கம் அதிகமுள்ள கைக்கு வேண்டாம், பசை விட்டுப்போகும்.

கொடுத்த காசு திரும்பும் என்றும் எண்ணாதீர்கள். அடகுக் கடையில் இதற்கு மதிப்பில்லை, பழசு போட்டுப் புதுசு எடுக்கவும் முடியாது. ஆகவே எடைக்கு எவ்வளவு என்று கேட்பதை விட்டு, அளவு சரியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்று கேளுங்கள். பெயர் பொறித்த மோதிரத்தைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. மைத்துனன் இரண்டாவது முறை வாங்கியதை ஒன்றும் எழுதாமல் மூன்று வாரம் போட்டுப் பார்த்தான்; வெயிலிலும் குளித்த பிறகும் சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் உள்பக்கத்தில் லேசரில் அந்தப் பெண்ணின் பெயரையும் தேதியையும் பொறிக்கக் கொடுத்தான்.