படகுக் கணக்கு வரவில்லையா? ஊருணியில் இருந்து தொடங்குங்கள்

காரைக்குடிப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் படகுக் கணக்கில் தடுமாறினால் அதில் தப்பே இல்லை, நம் பக்கத்து ஆறுகளில் தண்ணீரைவிட மணலைப் பார்க்கிற நாள்தான் அதிகம், படகுக்கு எங்கே போவது? ஆனால் இந்தக் கணக்குக்கு வேண்டிய பாதி விஷயம் ஊருணியிலேயே இருக்கிறது.

கேள்வியில் 'அசைவற்ற நீரில் படகின் வேகம்' என்று வந்தால், ஊருணியில் ஓடும் வேகம் என்று படியுங்கள். தண்ணீர் தள்ளாது, இழுக்காது, துடுப்புப் போடுகிறவரின் கைபலம் மட்டும்தான். அதற்கு 'ப' என்று பெயர் வையுங்கள். மீதிப் பாதிக்கு நம் வீட்டுப் பர்மாத் தேக்குத் தூணைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பர்மாவில் தேக்கை வெட்டி ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் கீழே கொண்டுவருவார்கள். தானாக மிதந்து வரும் கட்டைக்கு ஏது துடுப்பு, அது போகிற வேகம்தான் ஆற்றின் வேகம். அது 'ஆ'.

ஓட்டத்தோடு போனால் ப+ஆ, எதிர்த்துப் போனால் ப−ஆ. சூத்திரம் இவ்வளவுதான்.

சரி, ஒரு கணக்கு. ஊருணி வேகம் மணிக்கு 10 கி.மீ. உள்ள படகு ஆற்றில் 24 கி.மீ. கீழே போய், அதே 24 கி.மீ. திரும்பி வர மொத்தம் 5 மணி நேரம் ஆகிறது. ஆற்றின் வேகம் என்ன?

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். போகும்போது ஆறு கொடுத்ததை வரும்போது பிடுங்கிக்கொள்கிறது, ஆகவே சராசரி 10தானே என்று நினைத்தால் 48 கி.மீ.க்கு 4 மணி 48 நிமிடம் வரும், கேள்வியோ 5 மணி என்கிறது. மெதுவாக வரும்போது ஆற்றில் கூடுதல் நேரம் இருக்கிறோம், அதனால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. வேகத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள்:

24/(10+ஆ) + 24/(10−ஆ) = 5

கீழ்ப்பகுதியைப் பொதுவாக்கினால் 480 = 5(100−ஆ²), அதாவது ஆ² = 4. வேகம் எதிர்க்குறியில் வராது என்பதால் ஆ = 2. உடனே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 24/12 = 2 மணி, 24/8 = 3 மணி, சேர்த்தால் 5. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது, விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு ஒன்று. ஆற்றை எதிர்த்துப் போகும் படகிலிருந்து பாலத்தடியில் ஒரு கட்டை விழுகிறது. 20 நிமிடம் கழித்துத்தான் படகுக்காரர் கவனிக்கிறார், உடனே திரும்பி வந்து பாலத்துக்கு 2 கி.மீ. கீழே அதைப் பிடிக்கிறார். ஆற்றின் வேகம் என்ன? படகின் வேகம் கொடுக்கவில்லையே என்று பதறவேண்டாம். காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் போகிறீர்கள், சீட்டில் துண்டை விட்டுவிட்டு 20 அடி நடந்துவிட்டீர்கள், திரும்ப 20 அடி நடந்தால் துண்டு கையில், ரயில் எவ்வளவு வேகமாகப் போனால் என்ன? ஆறும் அந்த ரயில் மாதிரிதான். தண்ணீரோடு சேர்ந்து பார்த்தால் கட்டை ஊருணியில் கிடப்பதுபோல நின்ற இடத்தில் நிற்கிறது, படகு 20 நிமிடம் விலகிப் போனது, திரும்பவும் அதே 20 நிமிடம். மொத்தம் 40 நிமிடத்தில் கட்டை 2 கி.மீ. மிதந்திருக்கிறது, மணிக்கு 3 கி.மீ.