ஆங்கில நாடக வாசிப்புச் சவாலில் சேர்பவர்களுக்கு

பழைய ஆங்கில மேடை நாடகங்களை ஆண்டு முழுக்கப் படிக்கும் சவாலுக்கு ஜனவரியில் உற்சாகமாகப் பெயர் கொடுத்துவிட்டு, மார்ச்சுக்குள் ‘ஹாம்லெட்’டின் இரண்டாம் அங்கத்தில் நின்றுபோகிறவர்கள் உண்டு. தங்கள் ஆங்கிலம் போதவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்: எடுத்த வரிசை தவறு, கையில் கிடைத்த பதிப்பு தவறு, நாவலைப் படிக்கிற மாதிரி நாடகத்தைப் படித்தது தவறு. மூன்றையும் சேருவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளலாம்.

பெயர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

‘ஆங்கில நாடகம்’ என்பது மொழியைக் குறிக்கிறதா, நாட்டைக் குறிக்கிறதா என்று ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் கேளுங்கள். கோல்ட்ஸ்மித், ஷெரிடன், ஆஸ்கர் வைல்ட், பெர்னார்ட் ஷா நால்வருமே அயர்லாந்தில் பிறந்தவர்கள். இங்கிலாந்துக்காரர்கள் மட்டும்தான் என்றால் 1770களின் மிகச் சிறந்த நகைச்சுவை நாடகங்களும் 1890களின் மிகச் சிறந்த நகைச்சுவை நாடகங்களும் பட்டியலைவிட்டுப் போய்விடும். மொழிதான் கணக்கு என்றால் கவலையில்லை. ஆனால் அப்போதும் வில்லியம் ஆர்ச்சர் ஆங்கிலத்தில் பெயர்த்த, நார்வேக்காரரான இப்சனின் நாடகங்கள் சேருமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லை ஆண்டு. ‘கிளாசிக்’ எந்த ஆண்டோடு முடிகிறது? 1914 என்று ஒரு குழு வைக்கலாம், 1950 என்று இன்னொரு குழு வைக்கலாம். பிரீஸ்ட்லியின் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ முதலில் மேடையேறியது 1945இல். ஆசிரியர் 1984இல்தான் மறைந்தார் என்பதால் நாடகம் இன்னும் காப்புரிமையில் இருக்கிறது. இலவச மின்னூல் கிடைக்காது, விலைகொடுத்து வாங்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால்தான் காப்புரிமை தீரும். 1950இல் மறைந்த ஷாவின் நாடகங்கள் இங்கே 2011 முதல் எல்லோருக்கும் பொது.

ஓரங்க நாடகம் முழு நாடகமாகக் கணக்கில் வருமா, இரண்டு பாகமாக உள்ள ‘நான்காம் ஹென்றி’ ஒன்றா இரண்டா, ஏற்கெனவே படித்ததை மறுபடி படித்தால் சேருமா, ஒலிநூல் கேட்டால் போதுமா என்பவற்றுக்கும் பதில் வாங்கிவிடுங்கள். சார்லஸ் லாமும் அவர் சகோதரி மேரியும் 1807இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் கதைகள் உரைநடைச் சுருக்கம். அதை நாடகமாக எந்தக் குழுவும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘அமலாதித்யன்’ ஹாம்லெட்டின் கதைப்போக்கை மனத்தில் பதிக்க நல்ல துணை. சவால் கணக்கில் அது தழுவல்.

நூற்றாண்டுக்கு ஒன்று என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்லும் சவால்களும் இருக்கின்றன. அவற்றில் இரண்டு இடங்களில் கால் இடறும். உள்நாட்டுப் போரை ஒட்டி 1642இல் மூடப்பட்ட லண்டன் நாடக அரங்குகள் 1660இல்தான் மறுபடி திறந்தன, அந்த இடைவெளியில் நாடகம் தேடிப் பயனில்லை. ஷெரிடனுக்கும் வைல்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறாண்டு மேடை பரபரப்பாகத்தான் இருந்தது, ஆனால் இன்றும் படிக்கச் சுவையாக இருப்பவை குறைவு. அந்தக் கட்டத்துக்கு பூசிகோவின் ‘லண்டன் அஷ்யூரன்ஸ்’ (1841), ராபர்ட்சனின் ‘காஸ்ட்’ (1867), பினேரோவின் ‘தி மேஜிஸ்ட்ரேட்’ (1885) ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். பெண் நாடகாசிரியர் ஒருவர் வேண்டும் என்றால் அஃப்ரா பென்னின் ‘தி ரோவர்’ (1677).

எத்தனை, எந்த வரிசையில்

பக்க எண்ணிக்கையை வைத்து நேரத்தைக் கணிக்காதீர்கள். குறிப்புகள் உள்ள பதிப்பில் பக்கத்தில் பாதி அடிக்குறிப்பாகவே இருக்கும். செய்யுள் நாடகத்துக்கு வரிக் கணக்குதான் நம்பகமானது. ‘மேக்பெத்’ சுமார் 2,100 வரி, ‘ஹாம்லெட்’ ஏறத்தாழ 4,000 வரி. குறிப்பைப் பார்த்து, சில இடங்களை வாய்விட்டுப் படித்து நகரும்போது மணிக்கு 600 வரி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு மூன்றரை மணி நேரம், பின்னதற்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம். வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்’ உரைநடை, சுமார் 20,000 சொற்கள். இரண்டு மாலைகளில் நிதானமாக முடிந்துவிடும். முதல்முறை சேருபவர் ஆண்டுக்கு ஆறு நாடகம் என்று பதிவு செய்வதே நல்லது. மாதம் ஒன்று என்பது கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் தேர்வு, கல்யாணம், ஊர்ப்பயணம் என்று இரண்டு மாதம் விட்டுப்போனால் மீட்பது கடினம்.

வரிசையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். காலவரிசைப்படி மார்லோவிலிருந்து தொடங்கி ஷாவில் முடிப்பது முறையானதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் மிகக் கடினமான மொழி முதல் மாதத்திலேயே வந்து நிற்கும். பின்னோக்கிப் போங்கள். முதலில் வைல்ட் (1895) அல்லது ஷாவின் ‘ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்’ (1894). அடுத்து கோல்ட்ஸ்மித்தின் ‘ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்’ (1773): ஒரு வீட்டைச் சத்திரம் என்று நம்பி வந்த விருந்தாளி, ஒரே இரவில் நடக்கும் குழப்பம், கதை கையைப் பிடித்து இழுத்துப் போகும். மூன்றாவது ஷெரிடனின் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’ (1777). நான்காவது ‘மேக்பெத்’. அதன் பிறகு பென் ஜான்சனின் ‘தி ஆல்கெமிஸ்ட்’ (1610), கடைசியாக மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’. காங்கிரீவின் ‘தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ (1700) பேரழகான நாடகம், ஆனாலும் முதல் ஆண்டில் வேண்டாம். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரோடு முன்பு பழகினார்கள் என்பது திரை விலகும் முன்பே நடந்து முடிந்த கதை, பாதி நாடகம் வரை அது பிடிபடாது. இரண்டாம் ஆண்டில், குடும்ப மரம் ஒன்றை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதிப்பைத் தேர்வது

குழுவில் எல்லோரும் ஒரே மூலத்தைத்தான் படிக்கிறார்களா என்று பார்ப்பது மிக முக்கியம். ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ 1604இல் ஒரு வடிவத்திலும் 1616இல் இன்னொரு வடிவத்திலும் அச்சானது. இரண்டாவது முதலதைவிட 600 வரிக்கு மேல் நீளம், அதில் வேடிக்கைக் காட்சிகள் கூடுதல். ‘ஹாம்லெட்’டுக்கு மூன்று பழைய அச்சுகள், ‘கிங் லியர்’க்கு இரண்டு. ஷாவின் ‘பிக்மேலியன்’ 1941 பதிப்பில் திரைப்படத்துக்காக எழுதிய காட்சிகள் சேர்ந்துவிட்டன. ஒருவர் படித்த காட்சி இன்னொருவர் புத்தகத்தில் இல்லாமல் போவது இதனால்தான். பதிவு செய்யும்போதே பதிப்பின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

ஷேக்ஸ்பியருக்கு வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகம் வரி எண்ணோடு இலவசமாகத் தரும் மின்பதிப்பு போதுமானது. மற்றவர்களுக்கு புராஜெக்ட் குட்டன்பெர்க் என்கிற இலவச மின்னூல் தளம். ஆனால் ஜான்சன், மார்லோ இருவரையும் அடிக்குறிப்பு இல்லாத மின்னூலில் படிக்க முயன்றால் நிச்சயம் பாதியில் நிற்பீர்கள். நியூ மெர்மெய்ட்ஸ் வரிசையோ ரெவல்ஸ் வரிசையோ நூலகத்தில் கிடைக்கிறதா பாருங்கள். சொந்தமாக வாங்குவதென்றால் ஆக்ஸ்ஃபோர்ட் வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் தொகுதிகளில் ஒரே ஆசிரியரின் பல நாடகங்கள் ஒரே விலைக்கு வரும். பழைய ஸ்கேன் பிரதிகளில் எச்சரிக்கை தேவை. பௌட்லரின் ‘ஃபேமிலி ஷேக்ஸ்பியர்’ குடும்பத்தில் படிக்கத் தகாதவை என்று அவர் நினைத்த வரிகளை நீக்கியது. நேஹம் டேட் 1681இல் மாற்றி எழுதிய ‘லியர்’ஐத் தவறுதலாக இறக்கிக்கொண்டால், கார்டீலியா சாகாமல் எட்கரை மணந்துகொள்வாள்.

படிக்கும் முறை

நாவலில் ஆசிரியர் நமக்காகப் பார்த்துச் சொல்கிறார். நாடகப் பிரதியில் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. மேடையில் இந்த நொடியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மறந்தால் நகைச்சுவையும் போகும், பயமும் போகும்.

‘ஸ்கூல் ஃபார் ஸ்கேண்ட’லின் நான்காம் அங்கம் மூன்றாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோசப் சர்ஃபேஸின் நூலக அறை. அவனைப் பார்க்க வந்த லேடி டீஸில், கணவர் வருவது தெரிந்து திரைத்தட்டிக்குப் பின் ஒளிகிறாள். கணவர் சர் பீட்டர் வந்து உட்கார்ந்து, அவள்மேல் தனக்குள்ள சந்தேகத்தையும், அவளுக்குத் தாராளமாகச் சொத்து எழுதிவைக்கப் போவதையும் ஜோசப்பிடம் சொல்கிறார். பிறகு ஜோசப்பின் தம்பி சார்ல்ஸ் வருகிறான் என்றதும் அவரே ஓர் உள்ளறையில் ஒளிகிறார். காகிதத்தில் பார்த்தால் லேடி டீஸிலின் பெயர் ஒன்றிரண்டு இடம் தவிரப் பல பக்கங்களுக்கு வராது. அதனால் வாசகர் அவளை மறந்துவிடுவார். அரங்கில் இருப்பவர் மறக்கவே முடியாது, அவர் கண் திரைத்தட்டியிலேயே இருக்கும். கணவர் பேசுகிற ஒவ்வொரு வாக்கியமும் அவள் காதில் விழுகிறது என்பதுதான் அந்தக் காட்சியின் உயிர். இங்கிலாந்து மேடை இதைவிடக் கச்சிதமான ஒரு காட்சியைத் தந்ததில்லை என்பது எங்கள் துணிபு.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. அரைப் பக்கத் தாளில் மேடையை ஒரு கட்டமாக வரையுங்கள்: கதவு, ஜன்னல், திரைத்தட்டி, உள்ளறை. சோழியோ நாணயமோ பாத்திரத்துக்கு ஒன்றாக வைத்து, யாராவது உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் நகர்த்துங்கள். மேடைக் குறிப்பில் ‘எக்ஸிட்’ என்றால் ஒருவர் போகிறார், ‘எக்ஸியண்ட்’ என்றால் பலர் போகிறார்கள். ‘அசைடு’ என்று குறித்த வரி பார்வையாளருக்கு மட்டும், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது.

‘ஆல்கெமிஸ்ட்’டுக்கும் இதே தாள் வேண்டும். பிளாக்ஃபிரையர்ஸில் ஒரே வீடு, ஒரே நாள். எசமானர் கொள்ளைநோய்க்குப் பயந்து ஊரைவிட்டுப் போயிருக்க, வேலைக்காரன் ஃபேஸ், அவன் கூட்டாளிகளான சப்டில், டால் மூவரும் வருகிறவர்களை எல்லாம் ஏமாற்றுகிறார்கள். மூன்றாம் அங்கக் கடைசியில் டாப்பர் என்கிற எழுத்தரை வாயில் இஞ்சி ரொட்டியை அடைத்துக் கழிப்பறையில் வைக்கிறார்கள். ஐந்தாம் அங்கம் வரை அவன் அங்கேதான் இருக்கிறான். தாளில் ஒரு காசு அந்த மூலையில் கிடந்தால்தான் அவன் குரல் கேட்கும்போது சிரிப்பு வரும். ரசவாதியாக நடிக்கும் சப்டில் அடுக்கும் ரசவாதச் சொற்களை ஒவ்வொன்றாக அகராதியில் தேடாதீர்கள். வந்தவனை மிரட்டி வாயடைக்க வைப்பதற்கான பிதற்றல் அது. வேகமாக, சத்தமாகப் படித்துவிட்டுப் போங்கள்.

ஷேக்ஸ்பியர் காலத்துத் திறந்தவெளி அரங்குகளில் நாடகம் பிற்பகல் வெளிச்சத்தில் நடந்தது. இரவு என்பதைப் பேச்சும் கையில் ஏந்திய தீவட்டியும்தான் சொல்லும். ‘காட்டின் இன்னொரு பகுதி’ போன்ற இடக் குறிப்புகள் 18ஆம் நூற்றாண்டில் பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. அவற்றை நம்பி மனத்தில் செட் போட வேண்டாம். மேடை காலியானால் ஒரு காட்சி முடிந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வோர் அங்கத்தையும் முதல்முறை அடிக்குறிப்பைத் தொடாமல் ஒரே மூச்சில் படியுங்கள். மறுநாள் கடினமான காட்சியை மட்டும் குறிப்போடு படியுங்கள். முழு நாடகமும் முடிந்த பிறகு லிப்ரிவாக்ஸ் என்கிற இலவச ஒலிநூல் தளத்தில் பலர் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவையோ மேடைப் பதிவையோ தேடுங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால் அந்த நடிகர்களின் முகமே உங்கள் வாசிப்பை நடத்தும்.

சில சொற்கள் தெரிந்தவை போலவே இருந்து வழி தப்ப வைக்கும். ஷேக்ஸ்பியரில் ‘வேர்ஃபோர்’ என்றால் ஏன், ‘பிரெசென்ட்லி’ என்றால் உடனே. காங்கிரீவ் காலத்தில் ‘மிஸஸ்’ கல்யாணமாகாத பெண்ணுக்கும் உரியது. ‘தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ நாயகியின் பெயர் மிஸஸ் மில்லமன்ட் என்பதைப் பார்த்து அவளுக்குக் கணவனைத் தேடாதீர்கள். ஷாவின் புத்தகத்தில் ‘டோன்ட்’, ‘வோன்ட்’ போன்ற சொற்களில் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) இல்லாதது அச்சுப்பிழை அன்று, அவரே வேண்டாம் என்று விட்டார். அவருடைய முன்னுரைகளை நாடகத்துக்குப் பிறகு படியுங்கள். ‘ஆண்ட்ராக்ளிஸ் அண்ட் தி லயன்’ முன்னுரை நாடகத்தைவிட நீளம்.

சேர்ந்து வாசிப்பதும் பின்தங்குவதும்

மாதம் ஒருமுறையாவது குழுவாக வாய்விட்டுப் படியுங்கள். ‘எர்னெஸ்ட்’டில் ஒன்பது பாத்திரங்கள். பணியாளர் லேன் முதல் அங்கத்தில் மட்டும், மெரிமன் அடுத்த இரண்டில் மட்டும் வருவதால் ஒருவரே இருவரையும் வாசிக்கலாம், எட்டுப் பேர் போதும். வீடியோ அழைப்பில் குரல் தாமதமாக வரும், துண்டு துண்டான உரையாடல் அதில் குலையும். அதனால் நீண்ட பேச்சுகள் உள்ள அங்கத்தை இணையத்துக்கு வைத்துக்கொண்டு, வேகமான காட்சிகளை நேரில் படியுங்கள். மேடைக் குறிப்புகளை வாசிக்கத் தனியாக ஒருவர் கட்டாயம் வேண்டும். காப்புரிமை தீராத நாடகத்தைப் பொதுமக்கள் முன் வாசிப்பதானால் முன்னனுமதி தேவையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் அன்றே எழுதிவையுங்கள்: எந்தப் பதிப்பு, என்றைக்கு முடித்தது, எந்தக் காட்சியில் பேசாத பாத்திரம் யார், அந்த மௌனம் என்ன செய்தது. கடைசிக் கேள்விக்கு மூன்று வரி எழுத முடிந்தால் மதிப்புரைக்கான விஷயம் கையில் இருக்கிறது. கதைச் சுருக்கம் தேவையில்லை, குழுவில் எல்லோருக்கும் கதை தெரியும்.

நவம்பரில் இரண்டு நாடகம் பாக்கி என்றால் பட்டியலை மாற்ற அனுமதி கேளுங்கள். ‘தி காமெடி ஆஃப் எரர்ஸ்’ 1,800 வரிக்குள் முடிகிற ஷேக்ஸ்பியர் நாடகம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ‘எவ்ரிமேன்’ 900 வரிக்குச் சற்றே அதிகம், ஒரே மாலையில் படித்துவிடலாம். அது டச்சு நாடகம் ஒன்றிலிருந்து வந்தது என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் முடிவு. மொழிபெயர்ப்பு கூடாது என்ற விதி உங்கள் சவாலில் இருந்தால் படிப்பதற்கு முன்பே அதையும் கேட்டுவிடுங்கள்.