புருஷன் போட்ட திட்டத்துக்கு பொண்டாட்டிய கேக்கலாமா, எப்படி முடிவு பண்றது

காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு எங்க பாத்தாலும் இதே கதை தான், 2016ல உள்ளாட்சில பெண்களுக்கு 50 சதவீதம்னு சட்டம் வந்துச்சு, முன்னாடி தலைவரா இருந்தவரு ஊரு பெண்கள் ஒதுக்கீட்டுல போனதும் அவரு சம்சாரம் நிக்கறாங்க. உடனே "அவரு பண்ணதுக்கு இவங்க பதில் சொல்லணும்"னு கத்தாதீங்க, கல்யாணம் பண்ணது குத்தம் கிடையாது.

மொதல்ல, புருஷன் தலைவரா இருந்தப்போ போட்ட திட்டத்துல அந்தம்மா கை வச்சாங்களான்னு பாருங்க. அமெரிக்க அதிபரா இருந்த பில் கிளிண்டனோட சம்சாரம் ஹிலாரி கிளிண்டன எடுத்துக்கோங்க. 1993ல புருஷன் அவங்கள மருத்துவ சீர்திருத்த குழுவுக்கே தலைவரா போட்டாரு, 1994 குற்றத்தடுப்பு சட்டத்துக்கு அவங்களே வெளிய பேசி ஆதரவு கொடுத்தாங்க, அதுக்கெல்லாம் கேள்வி கேக்கறது நியாயம். ஆனா ஓட்டும் கையெழுத்தும் அவங்களுது இல்ல, அந்த பங்கு கம்மி தான். ஆனா 2002ல ஈராக் போருக்கு அவங்களே செனட்டரா, அதாவது அமெரிக்க மேல்சபை உறுப்பினரா, போட்ட ஓட்டு முழுசா அவங்க கணக்கு.

நம்மூருக்கு வருவோம். ஆகஸ்ட் 15 கிராம சபைல தீர்மான நோட்ட கேளுங்க, காட்டலன்னா 10 ரூபா கட்டணத்தோட தகவல் உரிமை மனு போடுங்க. எந்த தீர்மானம், யாரு கையெழுத்து, என்ன தேதின்னு எழுதி வைங்க.

ஓட்டு கேட்டு வந்தா, "அக்கா, உங்க வீட்டுக்காரரு போட்ட தண்ணி டேங்க் தீர்மானத்த வச்சுப்பீங்களா மாத்துவீங்களா"ன்னு நேரா கேளுங்க, பக்கத்துல நிக்கற புருஷன் வாய தொறந்தா "அண்ணே, அக்கா சொல்லட்டும்"னு மரியாதையா நிறுத்திடுங்க.